பசுவைப் பற்றி ஐந்து வரி

கொம்பையா ஈரத்துணியால் சுவரைத் தேய்த்தார். பசு போகவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர, ‘பசு ஒரு வீட்டு விலங்கு’ என்ற வரி அசையாமல் அப்படியே நின்றது.

நெட்டைக்குளம் பள்ளிக்கூடத்துக்குப் புரொஜெக்டர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பயிற்சிக்காக டவுனுக்குப் போன ரஞ்சிதம் டீச்சர், பெற்றோர் சங்கத் தலைவர் என்று கொம்பையாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“காலையில சுவிட்சைப் போடுங்கண்ணே. பசுவைப் பத்தி அஞ்சு வரி வரும். பிள்ளைங்க எழுதிப் பழகட்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு. ஒருத்தருக்கும் எழுதத் தெரியலைன்னா மெஷினைக் குட்டைக்குளத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு. அப்புறம், இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு. செவுத்துல ஒரு எழுத்து இருக்கக் கூடாது.”

குட்டைக்குளம் கொம்பையாவின் மாமனார் ஊர். மெஷின் அங்கே போனால் மாமனார் சாகிறவரைக்கும் சிரிப்பார். அந்த ஒரு நினைப்பிலேயே கொம்பையாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால் டீச்சர் சொன்னதில் ஒன்றையும் விடக்கூடாது என்றுதான் சுவிட்சைப் போட்டார். போட்டதும் அந்த மெஷின் சுவரிலேயே எழுதி வைத்தது.

“மச்சான், கையைப் பாருங்க” என்றார் தவசி. தவசி அவர் தங்கை புருஷன். ஊரில் யோசிக்கிற ஆள் என்று பெயர் எடுத்தவர்.

கொம்பையாவின் புறங்கையில் ‘விலங்கு’ ஏறியிருந்தது. கையை எடுத்தார். விலங்கு சுவருக்கே திரும்பிப் போனது.

“கை பத்தலை மச்சான். வழியுது. அகலமா எதையாவது நிறுத்துங்க.”

கொம்பையா தன் மகன் பேச்சிமுத்துவைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். பையனுடைய வெள்ளைச் சட்டை முதுகில் பாதி வரி வந்து உட்கார்ந்தது. மீதிப் பாதிக்குக் காளீஸ்வரியை நிறுத்தினார்கள். இப்படியே மூன்றாம் வகுப்பு மொத்தமும் தோளோடு தோள் ஒட்டி நின்றதும் சுவரில் ஒரு எழுத்து இல்லை. நோட்டும் பென்சிலும் பைக்குள் நிம்மதியாகக் கிடந்தன. பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிப்பு இதுவரைக்கும் வாய்த்ததே இல்லை.

சாயங்காலம் சுவிட்சை அணைத்தார்கள். முதுகெல்லாம் வெறும் சட்டை.

“எங்க போச்சு மாப்ள?” கொம்பையா ஒவ்வொரு முதுகாகத் தடவிப் பார்த்தார்.

“உள்ள இறங்கிருச்சு. வயல்ல தண்ணி பாய்ச்சினா மேலயா நிக்குது?”

“அதுவும் சரிதான். ஆனா எழுதிப் பழகணும்னு டீச்சர் சொன்னாங்களே.”

“உள்ள இருக்கறதை எதுக்கு மச்சான் பழகணும்? பசிக்கப் பழகிட்டா நமக்குப் பசிக்குது?”



எழுத்து நசுங்கிவிடும் என்று பிள்ளைகளைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதுகு தட்டிப் பாராட்டக் கூடாது என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். ஒரு நாள் காளீஸ்வரிக்குக் காய்ச்சல். அவள் நிற்கும் இடத்தில் ‘பால் தரும்’ சுவரில் விழுந்தது. கொம்பையாவே அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி மனைவியிடம் கொஞ்சம் அலட்டலாகத்தான் பேசினார். படிப்பு ஏறிய ஆள் அல்லவா.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, அகலமான உடம்பு. பின்னாலேயே டீச்சரும் வந்தார்.

“பசுவைப் பத்தி எழுது தம்பி” என்று பேச்சிமுத்துவிடம் பேப்பரை நீட்டினார் அதிகாரி.

பேச்சிமுத்து பணிவாகத் திரும்பி முதுகைக் காட்டினான். வகுப்பே திரும்பியது.

“என்னய்யா இது?”

“படிங்க சார்” என்றார் கொம்பையா. “ஓரத்துல நிக்கிறவன்தான் ஆரம்பம். ஏ காளீஸ்வரி, நீ ரெண்டாவது பாதி, அங்கிட்டுப் போ.”

“பென்சில் பிடிக்கவாவது யாருக்காச்சும் தெரியுமா?”

“அதை விடுங்க சார். செவுத்தைப் பாருங்க, ஒரு எழுத்து இருக்கா?”

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி சுவர்ப்பக்கம் திரும்பி, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

“மெஷினைக் கழட்டு. குட்டைக்குளத்துக்குக் கொண்டு போறேன்.”

கொம்பையாவுக்கு மாமனாரின் பல்வரிசை கண்முன்னே வந்தது. ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டிவிடலாம் என்று சுவிட்சைத் தட்டினார். அதிகாரி மெஷினுக்கு ரொம்பக் கிட்டே நின்றிருந்தார். ஐந்து வரியும், முற்றுப்புள்ளிகூட மிச்சமில்லாமல், அவர் முதுகில் அடங்கிவிட்டன.

“போச்சு மச்சான்” என்றார் தவசி மெதுவாக. “ஒரு வகுப்பே சுமந்ததை ஒத்த ஆளா வாங்கிட்டாரு.”

அதிகாரி திரும்பிப் பார்த்து, கண் கூசி, தானே சுவிட்சை அணைத்தார்.

“உள்ளயும் இறங்கிருச்சு” என்றார் தவசி.

கொம்பையா வாசலை மறித்தார். “சார், மெஷினைத் தாராளமாக் கொண்டு போங்க. சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

“என்னது?”

“எங்க பசு சார். பொறந்த இடம் இது. குட்டைக்குளத்துல கொண்டுபோய்க் கட்ட விட மாட்டோம்.”

“உனக்கு மூளை கழண்டுருச்சாய்யா?”

“மூளையை நீங்க வச்சுக்கங்க சார். சட்டையைக் குடுங்க.”

விஷயம் பரவி ஊரே ஜீப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. அதிகாரி கத்தினார், போலீஸ் என்றார், மேலிடம் என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டியதும், பட்டனைக் கழற்றிச் சட்டையைக் கொம்பையாவின் முகத்தில் எறிந்துவிட்டு, பனியனோடு ஜீப்பில் தாவி ஏறினார். அந்த அவசரத்தில் மெஷினை மறந்தே போனார்.

வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: “நாளைக்கே அந்தச் சட்டையைத் துவைச்சு ஆபீசுக்கு அனுப்பி வை.”

“ஆகட்டும் சார்” என்றார் கொம்பையா மரியாதையாக.

சட்டை இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் முறைவைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அழுக்கேறிக் காலர் கறுத்துவிட்டது. ஆபீசிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கேட்டாயிற்று. ஐந்து வரி உள்ளே இருக்கிற சட்டையைத் துவைக்க, கொம்பையா என்ன முட்டாளா?