ஏழாவது ரோஜாச் செடி

மனக்குறைக்கு வழி கேட்டு அமராவதியைத் தேடி வருகிறவர்கள் முதல் நாள் ஏமாந்துதான் போவார்கள். நீலகிரி மலையில் கேத்தி ஊருக்குப் போகிற பாதையில் வளைவு தாண்டிக் கீழே இறங்கினால் நாலாவது வீடு. தாடியையும் காவியையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு, ஆண்கள் போடுகிற பழைய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக மண்வெட்டியோடு நிற்கிற நாற்பது வயதுப் பெண்மணிதான் கிடைப்பாள். கேள்வி கேட்டால், "அந்தச் சாக்கை இப்படிக் கொஞ்சம் பிடிங்க" என்பாள். பாதிப் பேர் மறுவாரம் வர மாட்டார்கள். மீதிப் பேர் சாக்கைப் பிடிப்பார்கள்.

அப்படிப் பிடித்தவர்களில் மூத்தவர் கருணாகரன். அறுபத்தாறு வயது. தன் மகளை விடப் பத்துப் பதினொரு வயதுதான் மூத்த பெண்ணை அவர் வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுவார், அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. மலை ரயில் பாதையில் முப்பத்தோரு வருஷம் கீமேன் வேலை பார்த்தவர். விடிந்ததும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். வழியில் உள்ள இணைப்புகளை எல்லாம் தட்டிப் பார்க்க வேண்டும். நேற்றுத் தட்டியதை இன்றும் தட்ட வேண்டும், நாளைக்கும் தட்ட வேண்டும். அவர் நடந்த பாதையில் ஒரு பெட்டிகூட ஒரு நாளும் தடம் புரண்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. நியாயமான பெருமைதான்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். புல் மேல் உறைபனி உப்பைத் தூவினது போலக் கிடந்தது. அமராவதி ரோஜாச் செடிகளை மூடியிருந்த சாக்குகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"ஒரு ஆளு உள்ளுக்குள்ள உயிரோட இருக்காங்களா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"யாரு?"

"மரகதம்."

மரகதம் அவர் மனைவி. போன ஆனி மாதம் அவர்களுடைய ஒரே மகள் சுகந்தி, காய்ச்சல் என்று படுத்தவள், நாலே நாளில் போய்விட்டாள். இருபத்தொன்பது வயது. காடு வரைக்கும் போய்விட்டு வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். மரகதம் அழவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. கேட்டால் 'ம்' உண்டு, 'இல்லை' உண்டு. சமைப்பாள், துவைப்பாள், விளக்கு வைப்பாள். தானாக ஒரு வார்த்தை கிடையாது.

மகள் போனதே கருணாகரனுக்குத் தாங்க முடியாத அடி. மனைவியும் கண்ணெதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாளோ என்ற பயம் அதற்கு மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அவளையும் இழந்தால் தான் என்ன ஆவோம் என்று அவரால் யோசிக்கவே முடியவில்லை.

அமராவதி வேலியோரத்தைக் காட்டினாள். அங்கே வரிசையாக ஏழு ரோஜாச் செடிகள். ஏழும் பனியில் கருகி, இலை உதிர்ந்து, வெறும் முள்ளும் குச்சியுமாக நின்றன.

"அந்தக் கடைசிச் செடி இனிமே உங்க பொறுப்பு" என்றாள்.

"என்ன செய்யணும்?"

"வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி. சாயங்காலம் சாக்கைப் போட்டு மூடணும். வெயில் வந்ததும் எடுத்துடணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இல்லைம்மா, நான் மரகதத்தைப் பத்திக் கேட்டேன்."

"கேட்டீங்க. சாக்கை இந்தப் பக்கம் பிடிங்க."

கருணாகரன் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. மறுநாள் முதல் காலையும் மாலையும் வந்தார். செடி முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். மலையில் எல்லாரும் செய்வதுதான். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் அடுப்புக்கு ஆகும்.

பச்சை தெரிந்தது.

அன்று அவர் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மரகதம் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "நேத்துக்கு இன்னிக்குத் தேவலையா, மரகதம்?" என்று கேட்டார்.

"ம்."

"மனசு கொஞ்சம் லேசா இருக்கா?"

"ம்."

"நிஜமாத்தானே?"

அவள் கஞ்சியை ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நேற்றுப் பார்த்தது நேற்றைய பச்சை அல்லவா? ராத்திரி பனி கொட்டியிருக்கிறதே. இன்னொரு குச்சியைக் கீறினார். பச்சைதான். அதற்கு அடுத்த நாளும் பச்சைதான். ஒவ்வொரு நாளும் கீறியதும் நெஞ்சு கொஞ்சம் அடங்கும், வீட்டு வாசலை மிதிப்பதற்குள் பழையபடி அடித்துக்கொள்ளும். உள்ளே போய் மரகதத்தைக் கேட்பார். காலையில் டீயோடு ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம், அவள் கொடியில் துணி காயப்போடும்போது பின்னாலேயே போய் ஒரு தரம். அவர் அன்பாகத்தான் கேட்டார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாசி பிறந்தது. புல்லில் விழுந்த வெள்ளை மெலிந்தது. எதிர் வீட்டு ப்ளம்ஸ் மரத்தில் ஓர் இலைகூட இல்லாமல் பூ மட்டும் வந்து அப்பியது.

"ஐயா, இங்க வந்து பாருங்க. டேலியா மண்ணை முட்டிக்கிட்டு வருது" என்று அமராவதி கூப்பிட்டாள்.

"இதோ வரேம்மா" என்றார் கருணாகரன். ஏழாவது செடியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு நாள், "தேன்சிட்டு வந்திருக்கு ஐயா, வேலி மேல பாருங்க. போன வாரம் இல்லை" என்றாள்.

"அப்படியா" என்றார், திரும்பாமலே.

மாசி பாதியில் ரோஜாக்கள் கண் திறந்தன. முதல் செடியில் கடுகளவு சிவப்பாக ஒன்று, இரண்டாவதில் மூன்று. வாரம் முடிவதற்குள் ஆறு செடிகளிலும் செந்துளிர் விட்டுவிட்டது. தேனீ ஒன்று பூ வந்துவிட்டதா என்று முன்கூட்டியே விசாரிக்க வந்தது போல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஏழாவது செடியில் ஒன்றும் வரவில்லை. நுனியிலிருந்து கருப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருணாகரன் கீறிப் பார்த்தார். பழுப்பு. பக்கத்துக் குச்சியைக் கீறினார். பழுப்பு. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அமராவதி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறும் துளிர்த்துடுச்சு. நான் பாத்தது மட்டும் செத்துப் போச்சும்மா" என்றார். "ஒரு நாள் தவறலை நான். தண்ணி ஊத்தினேன், சாக்கு போட்டேன். என் கைராசியே அவ்வளவுதானா? அப்ப வீட்டுல இருக்கறவளும்..."

அமராவதி ஒரு குச்சியை முள் படாமல் பிடித்துத் திருப்பினாள். தோல் மேல் சின்னதாக ஒரு வடு. அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொன்று. கருப்பு ஒவ்வொரு வடுவிலும் தொடங்கிப் பரவியிருந்தது.

"இது என்னிக்கு ஐயா?"

"அது... முதல் நாள். உயிர் இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு."

"இது?"

"மறுநாள். நேத்து இருந்துச்சே, இன்னிக்கும் இருக்கான்னு."

"இது?"

"அந்த வாரம் பனி ஜாஸ்தி. மனசு கேக்கலை."

"இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கே."

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

அவள் அடுத்த குச்சியைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும். சொல்லச் சொல்ல அவர் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. முள்ளுக்கு முள் இடைவெளி பார்த்து அவர் ஓர் இடம்கூட விட்டுவைக்கவில்லை.

அமராவதி இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்துக் கருகிய குச்சிகளை வெட்டினாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் மட்டும் விட்டாள். வெட்டின வாயில் ஈரச் சாணத்தை அப்பினாள்.

"இது பொழைக்குமா அம்மா?"

"தெரியாது ஐயா."

கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே, "வீட்டுல மரகதம்மாவை எப்படி விசாரிப்பீங்க?" என்று கேட்டாள்.

"நல்லவிதமாத்தான் கேப்பேன். காலையில எழுந்ததும், நேத்துக்கு இன்னிக்குத் தேவலையான்னு கேப்பேன். அப்புறம் சாப்பிடும்போது, மனசு எப்படி..."

பாதியில் நிறுத்திவிட்டார். தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பழுப்பு ஏறியிருந்தது.

அமராவதி எழுந்து டேலியாப் பாத்தியைக் கொத்தப் போனாள்.

மறுநாள் காலை மரகதம் டீ கொண்டுவந்து வைத்தபோது, அந்தக் கேள்வி கருணாகரனின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டீயோடு சேர்த்து விழுங்கினார். சாப்பிடும்போதும் வந்தது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். துணி காயப்போட அவள் போனபோது எழுந்து நின்றவர், மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவர் சும்மா இருந்து பழகாதவர். முப்பத்தோரு வருஷப் பழக்கம் கால் கையெல்லாம் ஊறிக் கிடந்தது. இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும் போல இருந்தது.

கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் அவர் பார்க்கத் தொடங்கினார். ஆனி மாதத்திலிருந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த சுகந்தியின் சால்வை இப்போது அங்கே இல்லை. துவைத்து மடித்து பீரோவில் வைத்திருந்தாள் மரகதம். எப்போது துவைத்தாள் என்று அவருக்குத் தெரியாது. வாசலில் வெயில் விழுகிற இடத்துக்கு அவளுடைய மணை வந்திருந்தது. அதுவும் எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். பக்கத்தில் போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார். சொல்லவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பிறகு இன்னொரு வாரம். தோட்டத்துக்கு அவர் போகவே இல்லை.

பங்குனி பிறந்து நாலாம் நாள் காலை. அமராவதி ரோஜா வரிசைக்கு எரு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு செடியில் மொட்டு வெடித்து நிறம் காட்டியது. மேட்டிலிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கருணாகரன். ஸ்வெட்டர் இல்லை, ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"அம்மா" என்றார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "பேசிட்டாம்மா. தானா பேசிட்டா."

"உக்காருங்க ஐயா. மெதுவா சொல்லுங்க."

"நீங்க சொன்ன மாதிரியே நான் ஒண்ணுமே கேக்கலை."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சரி, சொல்லலை. நான் கேக்கலை. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கேக்கலை. இன்னிக்குக் காலையில வாசல்ல வெயில்ல ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தோம். அவ டம்ளரைக் கீழ வெச்சா. என் முகத்தைப் பாத்தா. எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா அவ என் முகத்தைப் பாத்து?"

"என்ன சொன்னாங்க?"

"சொல்லலைம்மா, கேட்டா. 'நீங்க ஒரு தடவைகூட அவ பேரைச் சொல்லலையே. உங்களுக்கு அவ நெனப்பே வரலையா'ன்னு கேட்டா. முழுசா, கோவையா கேட்டா. குரல் பழைய மரகதத்தோட குரலேதான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அப்படியே எழுந்து ஓடி வந்துட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தை ஆவலோடு பார்த்தார்.

"உயிர் இருக்குதானேம்மா? இனிமே பயமில்லைதானே?"

அமராவதி கையிலிருந்த எருவைக் கீழே போட்டாள்.

"அவங்க கேட்டதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க ஐயா?"

கருணாகரன் செருப்பில்லாத தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, வந்த வழியே மேட்டில் ஏறத் தொடங்கினார்.