கல்லும் ஒரு நங்கூரமா?

ஆழித்துறைப் பட்டினத்தை ஆண்ட வீரகேது ராஜாவிடம் ஓலை எழுதும் வேலையில் இருந்தவன் நல்லான். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் சபையே காதைத் தீட்டிக்கொள்ளும்.

ஒருநாள் காலை அவன் சபைக்குள் நுழைந்தபோது, செம்புலி என்ற மீனவன் கைகட்டி அழுதுகொண்டு நின்றான். பக்கத்தில் துறைமுக அதிகாரி மங்கலநாதர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். வஞ்சிர மீனைச் சும்மா கொடுக்க முடியாது என்று செம்புலி சொன்ன நாளிலிருந்து அவருக்கு அவன்மேல் கறுவல்.

"மகாராஜா! ராஜதுறையில் அனுமதி இல்லாமல் நங்கூரம் போடுகிறவன் படகைக் கொளுத்த வேண்டும் என்பது தங்கள் ஆணை. இவன் நேற்றுப் போட்டான்!"

"சாமி, திடீர்னு காத்து திரும்பிடுச்சு. பாறையில மோதிடக் கூடாதேன்னு ஒரு கல்லைக் கயித்துல கட்டிப் போட்டேன். நங்கூரத்துக்கு நான் எங்க போவேன்?"

அந்த ஆணையை எழுதியதே நல்லான் கைதான். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"கல்லைப் போட்டவனை நங்கூரம் போட்டான் என்பதா?"

மங்கலநாதர் சிரித்தார். "கடல் பாஷை உனக்கென்ன தெரியும்? இரும்பு வருவதற்கு முன்னால் நங்கூரத்துக்குப் பெயரே கல்தான். இன்றைக்கும் பெரிய கப்பல்காரன் இரும்பு நங்கூரத்தை இறக்கும்போது, 'கல்லைப் போடு!' என்றுதான் கத்துவான்."

உண்மைதான். ராஜாவும் தலையாட்டினார். நல்லான் மங்கலநாதர் பக்கம் திரும்பினான்.

"சரி ஐயா. அப்படியானால் எதைத்தான் நங்கூரம் என்பது?"

"கல்லோ இரும்போ, கப்பலை நகரவிடாமல் பிடித்து வைப்பது எதுவோ அது நங்கூரம்!"

"மகாராஜாவுக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றார் ராஜா.

"அப்படியானால் இன்னொரு குற்றவாளியும் இங்கே இருக்கிறார். தங்கள் கப்பல் மூன்று மாதமாக ராஜதுறையில் நகராமல் நிற்கிறதே, அதைப் பிடித்து வைத்திருப்பது எது?"

ராஜாவின் முகம் கடுகடுத்தது. "மணல்திட்டு!"

"அதைத் தூர்வார வேண்டியவர்?"

சபை முழுக்க மங்கலநாதரைத் திரும்பிப் பார்த்தது.

"அனுமதி இல்லாமல் எவ்வளவு பெரிய நங்கூரம் போட்டிருக்கிறார், பார்த்தீர்களா? இவர் படகையும் கொளுத்திவிடலாமா?"

மங்கலநாதருக்கு வியர்த்துக் கொட்டியது. போன வாரம்தான் புதுப் படகு வாங்கியிருந்தார்.

"ஐயோ மகாராஜா! மணல் எப்படி நங்கூரமாகும்? நங்கூரம் என்றால் இரும்புதான்! இரும்பு மட்டும்தான்!"

"செம்புலி, கேட்டுக்கொண்டாயா?" என்றான் நல்லான். "அதிகாரியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். உன் கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி நல்லானுக்குப் போட்டார்.

"மங்கலநாதரே, உமக்கும் ஒரு பரிசு உண்டு," என்றவர் சேவகனைக் கூப்பிட்டார். "அடேய், நல்லதாக ஒரு மண்வெட்டி கொண்டுவா!"