மேற்குப் பக்கக் கயிறு

இருபது ஓவர் ஆட்டத்துக்குப் பிச்சில் எவ்வளவு புல் விடலாம் என்று கேட்கத்தான் சேர்மக்கனி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரலீலா டீச்சர் வீட்டுக்குப் போனார். வழி நெடுக அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டும் போனார்.

சேர்மக்கனிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் மைதானத்தில் பிச் போடுகிறவர். டீச்சருக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் மாநில அணிக்குச் சுழல் பந்து வீசியவர்; இப்போது பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விளாத்திகுளத்துக் கரிசல் மண்ணை எப்படிச் சலிப்பது, எப்போது தண்ணீர் விடுவது, எப்போது ரோலரை நிறுத்துவது என்று எல்லாமே சேர்மக்கனி அவரிடம் கற்றதுதான். பதினான்கு வயது இளையவரிடம் கைகட்டி நின்று கற்க அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. இன்றைக்குத்தான் கூசியது.

டீச்சரிடம் ஒரே ஒரு குறை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் வாய் வலிக்கும் போல.

"வாங்க அண்ணாச்சி. சாயங்காலம் ஃபைனல், இந்நேரம் ரோலர் பக்கத்துல இல்ல நிக்கணும் நீங்க?"

"ஒரு சந்தேகம் டீச்சர். இப்ப எங்க பாத்தாலும் மட்டைக்காரன் ராஜ்ஜியமாத்தான் இருக்கு. பந்து போடுதவன் பாடு பாவமா இருக்கு. ரெண்டு பேருக்கும் சமமா வைக்க என்ன செய்யணும்? புல்லை விடணுமா, ரோலரைக் கொறைக்கணுமா?"

டீச்சர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து ஜெபசிங் பந்து போட்டு எத்தனை ரன் கொடுத்தான்?"

"நாலு ஓவர். அறுபத்தொண்ணு."

"சிக்ஸ்?"

"ஏழு."

"எந்தப் பக்கம்?"

"மேற்க."

"ஏழுமா?"

"ஏழும்."

டீச்சர் உள்ளே போய் ஒரு மட்டையையும் பழைய பந்து ஒன்றையும் எடுத்து வந்தார். "நடங்க, மைதானத்துக்குப் போவோம்" என்றார்.

மைதானத்தில் அப்போது ஆளில்லை. மேற்குப் பக்கம் எல்லைக் கயிறு வெள்ளையாகக் கிடந்தது. கயிற்றுக்கு வெளியே பத்துக் காலடி தள்ளி, புல்லில் வளைந்து வளைந்து ஒரு மஞ்சள் கோடு ஓடியது. முந்தாநாள் வரை மூன்று வாரமாகக் கயிறு அந்தக் கோட்டில்தான் கிடந்தது. வெயில் படாமல் அடியில் புல் வெளுத்துவிட்டது. சேர்மக்கனி அந்தக் கோட்டை நேற்று முழுக்கப் பார்க்காத மாதிரி இருந்தார். டீச்சரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மஞ்சக் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ள நில்லுங்க அண்ணாச்சி."

நின்றார். டீச்சர் மைதானத்தின் பாதிவரை போய், பந்தைத் தானே தூக்கிப் போட்டு, உயரமாக அடித்தார். பந்து வானத்தில் ஏறி, சாவகாசமாக இறங்கி, சேர்மக்கனியின் கையில் வந்து விழுந்தது.

"அது என்ன அண்ணாச்சி?" டீச்சர் அங்கிருந்தே கத்தினார்.

சேர்மக்கனி குனிந்து கயிற்றைப் பார்த்தார். அது அவருக்கு முன்னால் கிடந்தது. "சிக்ஸ், டீச்சர்."

"கையிலதான வச்சிருக்கீங்க?"

"கையிலதான் இருக்கு."

"சரி, எறிங்க."

மறுபடி அடித்தார். மறுபடி கைக்கு வந்தது. மறுபடி அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது பந்துக்கும் அப்படியே. நான்காவது பந்தைப் பிடித்தவர் திருப்பி எறியவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். தலை நிமிரவில்லை.

டீச்சர் நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சங்கச் செயலாளர்தான் சொன்னாரு டீச்சர். சனம் சிக்ஸ் பாக்கத்தான் வருது, கயிறைப் பத்துக் காலடி உள்ள இழுங்கன்னு. நேத்து விடியக்காலம் இழுத்துப் போட்டேன். ரெண்டு டீமுக்கும் அதே கயிறுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"இழுக்கிறது தப்பில்லையே. விதிக்குள்ளதான் இருக்கு."

"அது இல்ல டீச்சர்." சேர்மக்கனி பந்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஆட்டத்துக்கு முன்னால ஜெபசிங் வந்து கேட்டான். அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை மேக்க அளந்து பாத்தேன், எம்பத்தஞ்சு காலடி இருந்திச்சு, அப்படியே தான இருக்குன்னான். செயலாளர் பக்கத்துல நிக்காரு. நான் ஆமா தம்பி, அப்படியேதான்னுட்டேன்."

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெபசிங்குக்கு வேகம் கிடையாது. மெதுவான பந்தைப் போட்டு, மட்டைக்காரனை ஆசைகாட்டி, தூரமான பக்கமாகத் தூக்கி அடிக்க வைத்து, எல்லையோரம் பிடிக்க வைப்பான். அவன் தொழிலே அதுதான். நேற்று அந்த ஏழு பந்தையும் மட்டைக்காரன் அவன் நினைத்த இடத்துக்கே அடித்தான். ஏழும் கயிற்றைத் தாண்டி, பழைய கோட்டுக்கு உள்ளேயே விழுந்தன. அறுபத்தொன்று என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்களும் அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் உட்கார்ந்திருந்தார்கள். இன்று காலை பத்து மணிக்குப் பட்டியல் முடிவாகும். ஜெபசிங்குக்கு இருபத்தெட்டு வயது. இந்த வருஷம் விட்டால் அவனை ஏன் என்று கேட்க நாதியில்லை.

சேர்மக்கனி சட்டென்று நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"டீச்சர், ஒண்ணு செய்யுதேன். ஃபைனல்லயும் அவன் ஆடுதான். நான் இன்னைக்கு ரோலர் போடல. புல்லை விட்டுட்டு, அடியில ஈரத்தை நிறுத்திடுதேன். மெதுவா போடுத பந்து பிச்சுல ஒட்டிக்கிட்டு நிக்கும். ஜெபசிங் அஞ்சு விக்கெட் எடுப்பான். பட்டியலை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கேப்போம். நேத்துக்கும் இன்னைக்கும் சரியாப் போயிரும்."

"நல்ல யோசனை" என்றார் டீச்சர். "டாஸுக்கு முன்னால மட்டைக்காரன் வந்து, அண்ணாச்சி, பிச் எப்படி இருக்குன்னு கேப்பானே. அவனுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

சேர்மக்கனி பந்தைப் புல்லில் வைத்தார். நேற்றைக்கு வந்ததைவிட இப்போதுதான் அவமானம் அதிகமாக வந்தது. நேற்றாவது இன்னொருத்தர் சொல்லிச் செய்தது. இது அவராகவே, அதுவும் டீச்சர் முன்னால் உட்கார்ந்து, சந்தோஷமாக யோசித்தது.

"மணி ஒம்போதரை" என்றார் டீச்சர்.

"சொன்னா வேலை போயிரும் டீச்சர்."

"போனாலும் போகும்."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று சேர்மக்கனி கொஞ்சம் காத்துப் பார்த்தார். வரவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு மைதானத்து அலுவலகப் படியேறினார்.

உள்ளே மூன்று தேர்வாளர்கள் இருந்தார்கள், செயலாளரும் இருந்தார். சேர்மக்கனி தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். யார் இழுக்கச் சொன்னது என்பதை ஒரே தடவை சொன்னார். பொய் சொன்னது நான்தான் என்பதை மூன்று தடவை சொன்னார். செயலாளர் பார்த்த பார்வையில் நாளைக்கு இந்த மைதானத்துக்கு வேறு ஆள் என்பது தெரிந்துவிட்டது. தேர்வாளர்களில் மூத்தவர் ஜன்னல் வழியே அந்த மஞ்சள் கோட்டை எட்டிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"சாயங்காலம் அவன் போடுறதைப் பாத்துட்டு முடிவு பண்றோம். நீங்க அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லைய்யா."

"அதைப் போய்ச் சொல்லுங்க."

கீழே, பயிற்சி வலையில் ஜெபசிங் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். முழு வேகத்தில் ஓடி வந்து, உடம்பை முறித்து எறிந்துகொண்டிருந்தான். பந்து எங்கெங்கோ போனது. சட்டை நனைந்திருந்தது.

"என்ன தம்பி, உனக்கு வேகம் சரிப்படாதே?"

"வேற என்ன செய்ய அண்ணாச்சி? ஸ்லோ பாலை நேத்தோட விட்டாச்சு. பத்து வருஷமா அதையே போட்டு என்னையே ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன். சின்னப் பயலுவ கூட நின்னு அடிக்கானுவ."

அணியில் இடம் போய்விடுமே என்றுதான் சேர்மக்கனி இதுவரை பயந்திருந்தார். அதைவிடப் பெரியது ஒன்று போயிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வலையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கயிறு, பத்துக் காலடி, செயலாளர், ஆமா தம்பி.

ஜெபசிங் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப என் பந்து சரியாத்தான் போச்சா அண்ணாச்சி?"

"சரியாத்தான் போச்சுய்யா. ஒண்ணு விடாம."

அவன் தலையை ஆட்டினான். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பந்து பொறுக்கப் போகிறவன் போலத் திரும்பி வலைக் கோடிக்கு நடந்து, அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

சேர்மக்கனியால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே டீச்சர் நின்ற இடத்துக்கு வந்தார்.

"ஒரு வார்த்தை திட்டல டீச்சர். கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

"உங்களுக்கு நல்லா இருந்திருக்கும், அண்ணாச்சி" என்றார் டீச்சர்.