இல்லை என்று சொன்ன புளி வணிகன்

அரசர்கள் யானை கட்டி வாழ்ந்த காலம் அது. எத்தனை யானை என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் கதை நகராது. அந்தக் காலத்தில் நெடுங்காவூர் என்ற நகரத்தை ஆதிநந்தன் என்ற அரசன் ஆண்டு வந்தான். அதே நகரத்துக் கடைவீதியில் தேனப்பன் என்று ஒரு புளி வணிகன் இருந்தான். பெயரில் இருந்த தேன் நாக்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

தேனப்பன் யாருக்கும் எதுவும் தானம் கொடுத்ததில்லை. யாரையும் ஏமாற்றியதும் இல்லை. அவன் புளியில் கொட்டை இருக்காது, நார் இருக்காது, மண் இருக்காது. வேலையாட்களுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கைக்கு வந்துவிடும். ஆனால் நன்கொடை என்று யாராவது வாய் திறந்தால் போச்சு.

கோபுரம் கட்டக் கேட்டு வந்தார்கள். "ஏன், இத்தனை நாளும் சாமி மழையில் நனைந்துகொண்டா இருந்தார்?" என்றான்.

ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள். "மாப்பிள்ளையைப் பார்த்தேன். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்றான்.

பக்கத்துத் தெருவில் செத்துப்போன ஒருவரின் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக் கேட்டு வந்தார்கள். "உயிரோடு இருந்தபோது பசிக்கிறது, பசிக்கிறது என்றாரே, அப்போது எங்கே போயிருந்தீர்கள்? இப்போது அவருக்குப் பசி இல்லை. உங்களுக்குத்தான் பசி" என்றான்.

ஊர் அவனைத் திட்டியது. திட்டிவிட்டு அவனிடமே புளி வாங்கியது.

ஒரு வருடம் அரசனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பிழைத்தால் தன் எடைக்கு எடை பொன் வைத்துத் துலாபாரம் செய்வதாகவும், அந்தப் பொன்னில் நாதியற்ற நோயாளிகளுக்கு ஒரு வைத்தியசாலை கட்டுவதாகவும் வேண்டிக்கொண்டான். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். பிழைத்தும் விட்டான்.

அரண்மனையில் பொன் இல்லாமல் இல்லை. ஆனால் அமைச்சர் மழவராயர் காதோரம் வந்து, "குடிமக்கள் மனமுவந்து கொடுத்த பொன் என்றால் புண்ணியம் பத்து மடங்கு, அரசே" என்றார். சும்மா வருகிற புண்ணியத்தை யார் வேண்டாம் என்பார்கள்? அரசனும் தலையாட்டினான்.

மறுநாள் பறை அறைந்தார்கள். "மனமுவந்து தருபவர்கள் தரலாம்! யாருக்கும் கட்டாயம் இல்லை! தராதவர்களின் பெயரை மட்டும் தெரிந்துகொள்ள அமைச்சர் ஆசைப்படுகிறார்!"

அப்புறம் என்ன, ஊரே மனமுவந்தது. தேனப்பன் மட்டும் தரவில்லை.

முதல் நாள் மழவராயர் சிரித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "ஓய் தேனப்பரே, அரசர் பிழைத்து எழுந்ததில் உமக்குச் சந்தோஷம் இல்லையா?"

"பரம சந்தோஷம். காய்ச்சலில் இளைத்திருப்பாரே, உங்களுக்குப் பொன்னும் மிச்சம்."

இரண்டாம் நாள் முறைத்துக்கொண்டு வந்தார். "செத்தால் இதையெல்லாம் தலையில் கட்டிக்கொண்டா போகப் போகிறீர்?"

"இல்லையே. நான் போன பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பொறுக்க முடியாதா உங்களுக்கு?"

மூன்றாம் நாள் நான்கு காவலர்களோடு வந்தார். பேச்சே இல்லை. தேனப்பனின் கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றுதான் துலாபாரம். அரண்மனை முற்றத்தில் ஆள் உயரத் தராசு. ஒரு தட்டில் அரசன். மறு தட்டில் தோடும் மூக்குத்தியும் வளையலுமாகக் குவியல். சுற்றிலும் ஊர் ஜனம். தட்டுகள் சமமாக இன்னும் ஒரு பிடி பொன் வேண்டியிருந்தது.

"இந்த நகரத்தில் தராதவன் நீ ஒருவன்தான்" என்றான் அரசன். "தந்தால் வீட்டுக்குப் போகலாம். தராவிட்டால் தலை போகும். மனமுவந்து சொல், தருகிறாயா?"

கட்டியிருந்தது கையைத்தான், நாக்கை இல்லை. "அரசே, என் தலையையே தட்டில் வைத்தாலும் எடை கூடாது. உள்ளே ஒன்றும் இல்லை என்று என் மனைவி தினமும் சொல்கிறாள். அது கிடக்கட்டும். இந்தக் குவியலில் மனமுவந்து வந்தது எவ்வளவு?"

"எல்லாமே" என்றார் மழவராயர்.

"அப்படியா? அரசே, கொஞ்சம் திரும்பி இந்தப் பெண்களின் காதைப் பாருங்கள்."

அரசன் திரும்பிப் பார்த்தான். அத்தனை பெண்கள் காதிலும் வேப்பங்குச்சி. அத்தனை பெண்கள் மூக்கிலும் வேப்பங்குச்சி. மழவராயர் காதில் மட்டும் கடுக்கன் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"தோட்டைக் கழற்றினால் துளை தூர்ந்துபோகும். தூரக்கூடாது என்றுதான் குச்சி செருகுகிறார்கள். எதற்கு? கழற்றியது என்றைக்காவது திரும்பி வரும் என்றுதானே? மனமுவந்து கொடுத்தவளுக்குக் குச்சி எதற்கு, அரசே?"

சில பெண்கள் கையால் காதை மூடிக்கொண்டார்கள். எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. அத்தனை ஆண்கள் நின்ற முற்றத்தில் இந்த வாய்த்துடுக்கு மனிதன் ஒருவன் கண்ணுக்குத்தான் அது பட்டது.

அரசனின் முகம் சிவந்தது. புகழுக்கு ஆசைப்பட்டவன்தான், முட்டாள் இல்லை. "விருப்பம் இல்லாதவர்கள் வந்து அவரவர் பொன்னை எடுத்துக்கொள்ளலாம்" என்றான். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னான். அசையவில்லை. மூன்றாம் முறை சொன்னான். ம்ஹூம்.

"எப்படி வருவார்கள்?" என்றான் தேனப்பன். "இல்லை என்று சொன்னவன் இங்கே கைகட்டோடு நிற்கிறான். முதலில் என்னை அவிழ்த்துவிடுங்கள். நான் தலையோடு வீட்டுக்குப் போவதை இவர்கள் பார்க்கட்டும்."

அரசன் காவலர்கள் பக்கம் திரும்பினான். "அவிழ்த்துவிடுங்கள்" என்றான்.

தேனப்பன் கும்பிடவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, காவலர்களின் ஈட்டிகளைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, கோட்டை வாசலைத் தாண்டி நடந்தான். அவன் முதுகு தெருவில் மறையும்வரை ஊரே பார்த்தது. யாரும் அவனைத் தொடவில்லை.

அதன்பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் வந்தது. ஒருவர், இருவர், பிறகு கூட்டம். பொன் குறையக் குறைய அரசன் இருந்த தட்டு இறங்கி, கடைசியில் தொம்மென்று தரையில் மோதியது.

நெல் குத்திப் பிழைக்கும் நாச்சி என்பவளும் தன் மூக்குத்தியை எடுத்தாள். எடுத்தவள் அங்கேயே நின்றாள்.

"நான் நெல் குத்தப் போயிருந்த நேரத்தில், கஞ்சி ஊற்றக்கூட ஆளில்லாமல் என் புருஷன் போய்ச் சேர்ந்தார். அப்போது இப்படி ஒரு வைத்தியசாலை இல்லை" என்றாள். மூக்குத்தியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். மூக்கிலிருந்த குச்சியை உருவி எறிந்துவிட்டுப் போனாள்.

அரசன் தட்டிலிருந்து இறங்கினான். அந்த ஒற்றை மூக்குத்தியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மிச்சப் பொன் முழுவதையும் தன் பொக்கிஷத்திலிருந்து எடுத்து வைத்தியசாலையைக் கட்டி முடித்தான்.

கட்டி முடித்ததும் அவனே நடந்து புளிக்கடைக்கு வந்தான். "தேனப்பா, இப்போது பறையும் இல்லை, காவலரும் இல்லை. மனமுவந்து ஏதாவது தருகிறாயா?"

"இல்லை" என்றான் தேனப்பன்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். நோயாளிகளின் ரசத்துக்கு ஒரு மூட்டை புளியை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனான்.

சாகும்வரை தேனப்பன் ஒரு காசு தரவில்லை. ஆனால் அந்தத் துலாபாரத்துக்குப் பிறகு அந்த ஊரில் கொடுத்தவர்கள் எல்லோரும் உண்மையாகவே கொடுத்தார்கள்.

இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் கொடுப்பது தானம் ஆகாது.