காதுக்குப் பின்னால் ஒரு பட்டாணி

உப்பு விளைகிற மண்ணில் வேறெதுவும் விளையாது என்பார்கள். முத்தோடை ஊரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் நீட்டி, புத்தியும் விளையாது என்பார்கள். அபாண்டம்! ஊர் முழுக்க அப்படிச் சொல்வது என்ன நியாயம்? அங்கே நான்கு பேருக்குத்தான் விளையவில்லை.

நான்கு பேரும் அண்ணன் தம்பிகள். மூத்தவன் ஆதிலிங்கம். அடுத்தவன் பேச்சிமுத்து, எதையும் யோசித்துத்தான் பேசுவான், யோசிக்காமலே பேசியிருக்கலாம் என்று கேட்டவர்களுக்குத் தோன்றும். மூன்றாமவன் சிவனணைந்தான், சோற்றில் கல் கிடைக்காவிட்டால் கல் எங்கே போனது என்று சந்தேகப்படுகிறவன். கடைசி இசக்கிராசா, அவசரக்காரன். நால்வருக்கும் உப்பளத்தில் வேலை. தலைக்கு மேல் ஒரு வெயில், பாத்தித் தண்ணீரில் பட்டு முகத்துக்கு எகிறும் வெயில் இன்னொன்று.

அந்த இரண்டு வெயிலும் சேர்ந்து ஆதிலிங்கத்தின் இரண்டு கன்னத்திலும் கரும்படையாக மங்கு போட்டிருந்தது. மங்கு பாட்டுக்கு மங்கு, அவன் பாட்டுக்கு அவன் என்றுதான் இருந்தார்கள். மாமன் மகள் சண்முகவடிவோடு நிச்சயதார்த்தம் ஆனதும் வந்தது வினை. கல்யாண மேடையில் மாப்பிள்ளை பளிச்சென்று இருக்க வேண்டாமா? எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கன்னத்தில் தேய்த்தான். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றான் பேச்சிமுத்து. பிறகு பேன்சி ஸ்டோரில், 'ஏழே நாளில் வெண்மை' என்று எழுதியிருந்த டியூப் ஒன்று வாங்கிப் பூசினான். முதல் வாரம் முகம் சிவந்தது. இரண்டாம் வாரம் உரிந்தது. மூன்றாம் வாரம் மங்கு ஒன்றுக்கு இரண்டாகக் கறுத்தது.

வடிவு பாளையங்கோட்டையில் சட்டம் படிக்கிறவள். தூண் எதிரே நின்றால் தூணோடும் வாதாடுவாள். விடுமுறைக்கு வந்தவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அத்தான் இது? அடுப்புல விழுந்தீங்களா?"

"வெள்ளையாகலாம்னு..." என்றான் ஆதிலிங்கம்.

"நீங்க வெள்ளையாகணும்னு எவன் அழுதான்? நான் அழுதேனா? எங்க அம்மா அழுதாளா? கறுப்பு என்ன நோயா, மருந்து போட்டுப் போக்க? மங்கு வேற, நிறம் வேற. மங்குக்கு வைத்தியம் பாருங்க, நிறத்தை விட்டுருங்க. நேரே தோல் டாக்டர்ட்ட போங்க. அவங்க சொல்லுததுல ஒரு எழுத்து மாறக்கூடாது. மாறுச்சுன்னு கேள்விப்பட்டேன், தாம்பூலத்தட்டைத் திருப்பி அனுப்பிருவேன்."

வடிவு சொன்னால் செய்வாள். மங்கு போனால் என்ன, போகாவிட்டால் என்ன. வடிவு போய்விட்டால் அப்புறம் முகம் யாருக்கு?

நால்வரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு எழுத்தும் தவறிவிடக்கூடாது என்று பேச்சிமுத்து நோட்டு வாங்கி வைத்திருந்தான்.

டாக்டரம்மா டியூபை வாங்கிப் பார்த்தார், குப்பைக்கூடையில் போட்டார். "நம்ம தோல் நல்ல தோல். ஆனா கோவக்காரத் தோல். தேய்ச்சா, எரிய வெச்சா, அந்தக் கோவத்தையெல்லாம் கறுப்பாத்தான் காட்டும். இனிமே எலுமிச்சம்பழம் பக்கமே போகக்கூடாது. காலையில வெயிலுக்கான கிரீம் பூசுங்க. பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நிழலை விட்டு வராதீங்க. ராத்திரிக்கு இந்த மருந்து, பட்டாணி அளவு போதும். முதல்ல காதுக்குப் பின்னால தடவி ரெண்டு நாள் பாருங்க; எரிச்சல் இல்லைன்னா முகத்துல போடலாம். இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மூணு மாசம் கழிச்சு முகத்தையும் போட்டோவையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும்."

"எந்தக் காதும்மா?" என்றான் சிவனணைந்தான்.

"எந்தக் காதா இருந்தா என்ன!" என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரித் தூசியில் இரண்டு தடவை இருமினார்.

பேச்சிமுத்து எழுதினான்: 'எந்தக் காதா இருந்தா என்ன. இருமல் இரண்டு.'

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை காது. மருந்தைத் திறப்பதற்கு முன்னால் நால்வரும் இரண்டு தடவை இருமினார்கள். நோட்டில் இருக்கிறதே!

"காதுக்குப் பின்னால தடவி ரெண்டு நாள் பாக்கணும்," என்று வாசித்தான் பேச்சிமுத்து.

ஆதிலிங்கம் தன் காதுக்குப் பின்னால் பார்க்கக் கழுத்தை வலது பக்கம் திருப்பினான். காது அதற்குள் முன்னால் போய்விட்டது. சடக்கென்று இடது பக்கம் திருப்பினான். அதுவும் ஓடிவிட்டது. கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

"அண்ணே, எந்தக் காதா இருந்தா என்னன்னுதானே சொல்லியிருக்கு?" என்றான் பேச்சிமுத்து. "என் காதுக்குப் பின்னால தடவு. நீ சுகமா உக்காந்து பாரு."

தடவினார்கள். ஆதிலிங்கம் அவன் பின்னால் உட்கார்ந்து காதையே பார்த்தான்.

"இப்ப மருந்து போட்டவன் நீயாக்கும்," என்றான் சிவனணைந்தான் பேச்சிமுத்துவிடம். "மருந்து போட்டவன்லா பாக்கணும்? நீ எந்தக் காதைப் பாக்கப் போற?"

பேச்சிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. யோசித்தான். சிவனணைந்தானின் காதுக்குப் பின்னால் தடவி, அவன் பின்னால் உட்கார்ந்தான். சிவனணைந்தானும் மருந்து போட்டவனாகிவிட்டான். அவன் இசக்கிராசாவின் காதைப் பிடித்தான். இசக்கிராசா மருந்து போட்டவனாகி, அவசரமாக அங்கும் இங்கும் பார்த்தான். மிச்சம் இருந்தது ஆதிலிங்கத்தின் காதுதான்.

இப்படியாக, போகவேண்டிய இடத்துக்கு மருந்து சுற்றி வளைத்துப் போய்ச் சேர்ந்தது. நால்வரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் காதை ஒருவன் இரண்டு நாள் பார்த்தார்கள். சோறு வேண்டுமென்றால் பக்கவாட்டில் கையை நீட்டுவார்கள். மின்கணக்கு எடுக்க வந்தவர் வட்டத்தைப் பார்த்துவிட்டு, கணக்கு எடுக்காமலே போய்விட்டார். யாருக்கும் எரிச்சல் இல்லை.

மூன்றாம் நாள் முகத்துக்குப் போடவேண்டும். பட்டாணி அளவு. இசக்கிராசா ஓடிப்போய் ஒரு பொட்டலம் பட்டாணி வாங்கி வந்தான்.

"இது காஞ்ச பட்டாணி," என்றான் சிவனணைந்தான். "ஊறவெச்சா இதைவிடப் பெரிசாகும். டாக்டரம்மா சொன்னது ஊறுனதா, ஊறாததா?"

அளவு கூடினால் தோல் கோபப்படும். குறைந்தால் மங்கு போகாது. இரண்டில் எது தவறினாலும் தாம்பூலத்தட்டு திரும்பி வரும். ஆதிலிங்கம் வடிவுக்குப் போன் போட்டான்.

"வடிவு, பட்டாணி ஊறவெச்சதா, ஊறாததா?"

"சுண்டலுக்கா அத்தான்?"

"மூஞ்சிக்கு."

"உலகத்துல எவளாவது இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காளா? ஊறுனா என்ன, ஊறாட்டி என்ன! போனை வைங்க!"

கடைசியில் ஒரு பட்டாணியை ராத்திரியில் பாதி நேரம் மட்டும் ஊறவைத்து, அதை அளவுப் பட்டாணியாக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது நிழல். உப்பளத்தில் நிழல் என்றால் ஒற்றைப் பனை ஒன்றுதான். பத்து மணிக்கு நால்வரும் உப்பு வாரும் வாருபலகையைப் போட்டுவிட்டு அதன் கொண்டை நிழலில் போய் உட்கார்ந்தார்கள். நிழல் நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள். உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கி மரத்தடிக்கே வந்துவிட, ஒருவன் தோளில் ஒருவன் ஏறாத குறையாக நால்வரும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறம் நிழல் கிழக்கே நீளத் தொடங்கியது. வரப்பைத் தாண்டியது. பக்கத்து அளத்துக்காரர் பாத்தியில் இறங்கியது. நாளைக்கு வாரவேண்டிய உப்பு, பூப்போல விளைந்திருந்தது. அதில் நான்கு ஜோடிக் கால்கள்.

"ஏல! எவம்ல அது என் பாத்திக்குள்ள?"

"நாங்க வரல அண்ணாச்சி," என்றான் ஆதிலிங்கம் மரியாதையாக. "நிழல் கூட்டிட்டு வந்துச்சு."

அண்ணாச்சி வாருபலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடிக்குப் பயந்து ஓடலாம் என்றால் சுற்றிலும் வெயில். மணி மூன்றரை. நால்வரும் நிழலை விடாமல் அரைமணி நேரம் அடி வாங்கினார்கள். மணி நான்கு ஆனதும் ஓடினார்கள். மறுநாள் அண்ணாச்சியே பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, நான்கு கம்பு நட்டுப் பந்தல் போட்டுக் கொடுத்தார். தன் உப்பைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

என்ன சொல்லி என்ன? இருமினார்கள், அளந்தார்கள், பந்தலில் கிடந்தார்கள். ஆனால் சொன்ன மருந்தை ஒருநாள் விடவில்லை, தேய்க்கவில்லை, சொல்லாததைப் பூசவில்லை. மூன்று மாதத்தில் மங்கு பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. ஆதிலிங்கத்தின் பழைய கறுப்பு, நல்லெண்ணெய் தடவிய மரச்செக்கு மாதிரி மினுமினுவென்று திரும்பி வந்தது.

ஆவணியில் கல்யாணம். முதல்நாள் மதியமே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கையில் பிடிக்க எலுமிச்சம்பழம் கொடுத்தார் ஒரு பெரியவர். பக்கமே போகக்கூடாது என்று நோட்டில் இருந்ததால், அதற்குப் பதிலாக ஒரு முழுத்தேங்காயை வாங்கிப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளை அறையில் பேச்சிமுத்து நோட்டைப் புரட்டினான். ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே பிடித்த போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்து, அண்ணன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

நால்வருக்கும் முகம் செத்துவிட்டது.

"அண்ணனுக்குப் போயிருக்கு," என்றான் இசக்கிராசா. "படத்துக்குப் போகலையே!"

"எப்படிப் போகும்?" என்றான் சிவனணைந்தான். "படத்துக்கு ஒருநாளாவது மருந்து போட்டோமா?"

ஆதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு மாசமா நான் மட்டும் பூசிக்கிட்டு, இவனைப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்கேன் பாரு!"

இசக்கிராசா உடனே கன்னத்தில் பூசப் போனான். பேச்சிமுத்து கையைப் பிடித்தான். "முதல்ல காதுக்குப் பின்னால. ரெண்டு நாள்."

படத்தில் காது இருந்தது. காதுக்குப் பின்னால் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேச்சிமுத்து படத்தைத் திருப்பினான். வெள்ளையாக, எழுத்தில்லாமல், காதுக்கு நேர் பின்னால்! நால்வரும் இரண்டு தடவை இருமினார்கள். ஒரு பட்டாணி அளவு வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள்.

மறுநாள் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தே கால் ஆகியும் மாப்பிள்ளை மேடைக்கு வரவில்லை. கூப்பிடப் போனவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார்கள். கடைசியில் கூறைப்புடவையோடு வடிவே வந்து கதவைத் தள்ளினாள்.

"அத்தான், என்ன செய்யுதீங்க?"

"காது பாக்கோம். நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிரும்."

"முகூர்த்தம் இன்னும் கால் மணிதான் இருக்கு!"

ஆதிலிங்கம் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு நீதானே சொன்ன? மாறுனா தட்டைத் திருப்பிருவேன்னியே வடிவு. நான் உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

வடிவு பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு வாதத்தில் தோற்றாள், அதுவும் தன் வாதத்திடமே. அவன் முகத்தைப் பார்த்தாள்; அழுதுவிடுவான் போல இருந்தது.

"மேடையில வெச்சுப் பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களா?"

பேச்சிமுத்து நோட்டை முழுக்கப் புரட்டினான். அப்படி எதுவும் இல்லை.

எனவே, சிவனணைந்தான் படத்தைத் தலைக்கு மேல் திருப்பிப் பிடித்து முன்னால் நடக்க, நால்வரும் அண்ணாந்து பார்த்தபடியே மேடை ஏறினார்கள். பத்து இருபத்தெட்டுக்கு, படத்தின் முதுகைப் பார்த்தபடியே ஆதிலிங்கம் தாலி கட்டினான். முதல் முடிச்சு அவன் மடியில் இருந்த தேங்காய்க்குக் குறி வைத்தது. வடிவுதான் கயிற்றைப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கல்யாண ஆல்பம் வந்தது. நால்வரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்கள். மிச்சமிருந்த மங்கு எல்லாப் படத்திலும் லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"முன்னூத்திப் பன்னிரண்டு படம்," என்றான் பேச்சிமுத்து. "முன்னூத்திப் பன்னிரண்டு காது."

"படத்துக்கு ரெண்டு நாள்," என்றான் சிவனணைந்தான்.

"பட்டாணி பத்தாது!" என்று பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான் இசக்கிராசா. வாசல்வரை போனவன் சடாரென்று நின்று, என்ன கேட்க மறந்தோம் என்று தலையைச் சொறிந்தான்.

உள்ளே சட்டப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த வடிவு தலையை நிமிர்த்தினாள். இரண்டு தடவை இருமினாள்.

"கொழுந்தனாரே, ஊறாததா வாங்குங்க. நான் ஊறவெச்சுக்கிடுதேன்."