வேட்டைத் தலைவருக்குக் கம்பி மாலை

முன்னொரு காலம். மலையடிவாரத்தில் ஒரு நாடு. அங்கே நரிகளுக்கும் குறைவில்லை, அரசருக்குத் திடீர் திடீரென்று வரும் ஆசைகளுக்கும் குறைவில்லை. காட்டு விலங்குகளுக்குச் சுருக்கு வைக்கக் கூடாது என்று அரசரின் தந்தை காலத்திலேயே தடை போட்டிருந்தார்கள். அதனால் நரிகள் கொழுத்தன, ஆட்டுக்குட்டிகள் குறைந்தன.

ஒருநாள் ஆடு மேய்க்கும் காத்தாயி சபைக்கு வந்து நின்றாள். "ஒரு மாசத்துல பதினோரு குட்டி போச்சு சாமி. இன்னொரு மாசம் போனா மந்தையில நான் மட்டுந்தான் நிப்பேன்" என்றாள்.

இதற்காகவே காத்திருந்தவர் போல வேட்டைத் தலைவர் வீரகோடியார் எழுந்தார். அவர் கையில் முறுக்கிய கம்பி ஒன்று இருந்தது. அதன் முனையில் ஒரு வளையம். "மகாராஜா, இது அடியேன் செய்வித்த சுருக்குக் கம்பி. நரி வளையத்துக்குள் தலையை நீட்டும், கம்பி பிடித்துக்கொள்ளும். காயம் இல்லை, ரத்தம் இல்லை. தாய் தன் பிள்ளையைப் பிடித்துக்கொள்வது போல."

தாய், பிள்ளை என்றதும் அரசர் உருகிவிட்டார். உடனே கல்தச்சனை வரவழைத்தார். 'இக்கம்பி எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாது. யாவரும் வைக்கலாம்' என்று கல்லில் வெட்டச் சொன்னார்.

விகடகவி அம்பலவன் இருமினான். அது சிரிப்பை மறைக்க வந்த இருமல் என்று சபைக்கே தெரியும்.

வீரகோடியாருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாம் புலியோடு மல்லுக்கட்டிய கதையை அவர் ஒருமுறை விவரித்தபோது, "அந்தப் புலி எப்போது சாட்சி சொல்ல வரும்?" என்று கேட்டவன் அவன். இப்போது அவர் விடவில்லை.

"விகடகவிக்குச் சந்தேகம் போலிருக்கிறது. இது தீங்கு செய்யும் என்று மூன்று நாளில் நிரூபிக்கட்டும். ஆனால் ஓர் உயிருக்கும் வலிக்கக் கூடாது. கம்பியைப் பழித்து ஒரு சொல்லும் பேசக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

அம்பலவன் ஒரு கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஒரு முனையை வாசற்காலில் கட்டி, வளையத்துக்குள் கையை விட்டு இழுத்துப் பார்த்தான். இறுகியது. விடுவித்துக்கொள்ள இழுத்தான், இன்னும் இறுகியது. விரல்கள் நீலமாகின. ஊரையே சிரிக்க வைப்பவன் அலறினான்.

"இழுக்காதீங்க, அப்படியே நில்லுங்க" என்று ஓடி வந்த மனைவி உலகம்மை வளையத்தைத் தளர்த்தினாள்.

"நீ சொன்னே, நின்னேன். நரிக்கு யாரு சொல்லுவா?" என்றான் அவன்.

"நரிய விடுங்க. காத்தாயியோட நாய் மாட்டினா? ஆமா, ஓர் உயிருக்கும் வலிக்கக் கூடாதுன்னாரே, உங்க கை உயிரில்லையா?"

"அதை அரண்மனைப் பக்கம் சொல்லிடாதே" என்றபடி அவன் கொல்லன் மாசாணத்தின் பட்டறைக்கு நடந்தான்.

மூன்றாம் நாள் அம்பலவன் ஒரு தாம்பாளத்தோடு சபைக்கு வந்தான். அதில் செவ்வந்தி மாலை ஒன்று மினுமினுத்தது.

"மகாராஜா, மூன்று நாளாக யோசித்தேன். இத்தனை அருமையான கம்பியைத் தந்தவருக்கு நாம் மரியாதையே செய்யவில்லை. தாங்கள் பட்டுச் சால்வையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் மாலையோடு ஏழு அடி நடந்து வந்து அதைப் பெற்றுக்கொள்ளட்டும்."

வீரகோடியார் மீசையை முறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். மாலை கழுத்தில் விழுந்தது. சில்லென்று இருந்தது. தடவிப் பார்த்தார். பூவுக்கு அடியில் அவருடைய கம்பியேதான். மாலையைப் போட்ட கையோடு அம்பலவன் அதன் மறுமுனையை அவருக்குப் பின்னால் இருந்த தூணில் கட்டிவிட்டிருந்தான்.

"வாருங்கள்" என்றார் அரசர்.

வீரகோடியார் அசையவில்லை.

"என்ன தயக்கம்?"

"அடியேன் இங்கேயே நின்று பெற்றுக்கொள்கிறேன், மகாராஜா."

"தாய் பிடித்துக்கொள்வது போலத்தானே இருக்கும்? ஓர் அடியாவது வையும்" என்றார் கம்பியைக் கண்டுகொண்ட அரசர்.

அவர் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். கடைசியில் மெல்லச் சொன்னார்: "இழுத்தால் இறுகும், மகாராஜா."

சபை கொல்லென்று சிரித்தது. அம்பலவன் கைகட்டி நின்றான். "அடியேன் பழித்து ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் வலிக்கவும் இல்லை" என்று சொல்லி, தானே போய் மாலையைக் கழற்றினான்.

அரசர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் கல்லில் வெட்டிய என் வாக்கு பொய்யா? கம்பியை எல்லாம் உருக்குங்கள். பழைய தடையே இருக்கட்டும்."

"அப்ப என் குட்டிங்க?" என்று கூட்டத்திலிருந்து காத்தாயியின் குரல் வந்தது.

அம்பலவன் மடியிலிருந்து மாசாணம் செய்து கொடுத்த இன்னொரு கம்பியை எடுத்தான். "கல்லை மாற்ற முடியாது, மகாராஜா. கம்பியை மாற்றலாம். கம்பியில் கோத்த இந்த இரும்புக் குண்டைப் பாருங்கள். வளையம் இதுவரைதான் சுருங்கும். விலங்கு எத்தனை முறை சுற்றினாலும் கம்பி முறுக்கிக்கொள்ளாதபடி இங்கே ஒரு சுழலும் வளையம். மாடு மாட்டிப் பலமாக இழுத்தால் இந்த மெல்லிய கொக்கி நிமிர்ந்து வழிவிடும். கல்லின் அடியில் இடம் இருக்கிறது. 'இவ்வாறு செய்த கம்பியே செல்லும். வைத்தவனே தினமும் விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்' என்று சேர்த்துவிடலாம்."

"வாயால் சொல்வது எளிது" என்றார் வீரகோடியார். "நீர் போட்டு நடந்து காட்டும், பார்க்கலாம்."

அம்பலவனின் மணிக்கட்டில் கம்பி பதிந்த நீலம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் குண்டைத் தன் கழுத்தின் அளவுக்கு நகர்த்திப் பூட்டி, மறுமுனையைத் தூணில் கட்டச் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் அடியில் கம்பி விறைத்தது. வளையம் குண்டில் முட்டி நின்றது. அவன் இப்படியும் அப்படியும் இழுத்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், குரல் வருகிறதா என்று ஒரு தாலாட்டுகூடப் பாடிப் பார்த்தான். நன்றாகவே வந்தது.

பிறகு அரசர் மடியிலிருந்த சால்வையை நோக்கிக் கையை நீட்டினான். எட்டவில்லை.

"மகாராஜா, கம்பி ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. இனி பரிசுதான் மூன்றடி நடந்து வர வேண்டும்."

அரசர் கிரீடம் சரியும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே சிங்காதனத்திலிருந்து இறங்கி வந்து, கம்பியோடு சேர்த்து அவனுக்குச் சால்வையைப் போர்த்தினார். அரண்மனைக் காட்டில் சுருக்குகளை வைத்து விடியலில் போய்ப் பார்க்கும் வேலையை அங்கேயே வீரகோடியாரிடம் ஒப்படைத்தார்.

எட்டாம் நாள் காத்தாயி வந்து சொன்னாள்: "நரி ஒண்ணு மாட்டிக்கிச்சு சாமி. கால மடக்கிப் படுத்துக்கிட்டு முறைக்குது. தலைவரு எதிர்ல உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருக்காரு."