கவசன் முதுகில் போட்ட கோடு

மருதங்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடியது. இக்கரையில் வளைகளும் புதர்களும் இருந்தன. அக்கரையில் நாவல் மரங்களும் இளம்புல்லும் இருந்தன. குடியிருப்பது இங்கே, சாப்பாடு அங்கே. அதனால் நீந்தத் தெரியாத விலங்குகளை ஆமைகள் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் விட்டன. திரும்பி வரும்போது கொஞ்சம் நாவல் பழம் கொடுத்தால் போதும், அதுதான் கூலி. ஆமைகளுக்குப் பழம் பிடிக்கும். கரையேறிப் பொறுக்கத்தான் சோம்பல்.

அந்த ஆமைகளில் பெரியது கவசன். ஒருநாள் அதற்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பேரை ஏற்றும் முதுகில் ஆறு பேரை ஏற்றினால் என்ன? கூலியைப் பாதியாக்கினால் எல்லாரும் தன்னிடம்தானே வருவார்கள்?

வந்தார்கள். கவசனின் வயிறு பழத்தால் உப்பியது. சிப்பி என்ற சின்ன ஆமையிடம் ஒருவரும் வரவில்லை. பசி பொறுக்காமல் சிப்பியும் கூலியைக் குறைத்தது. முதுகு நிறைய அணில்களை ஏற்றிக்கொண்டது. நடு ஆற்றில் அதன் மூக்கு தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே நீந்துற?" என்று ஓர் அணில் கேட்டது.

கரை சேர்ந்த பிறகுதான் சிப்பியால் பதில் சொல்ல முடிந்தது. "மூச்சு விடுற மாதிரி ஏத்தினா கூலி கட்டுப்படியாகல."

ஒரு காலை செவத்தி என்ற முயல் தன் குட்டியோடு கவசன் முதுகில் ஏறியது. ஏற்கெனவே அங்கே இரண்டு கீரிகளும் ஓர் உடும்பும் உட்கார்ந்திருந்தன. கிளம்பும் நேரத்தில் முள்ளம்பன்றி ஓடி வந்தது.

"இடம் இருக்கா அண்ணே?"

"நிறைய இருக்கு, ஏறு," என்றது கவசன். "எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க."

முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் எவ்வளவுதான் நகர்வது? நடு ஆற்றில் ஓர் அலை அடித்தது. முள்ளம்பன்றி பயத்தில் சிலிர்த்துக்கொண்டது. கீரிகள் அலறிக்கொண்டு உடும்பின் மேல் பாய்ந்தன. உடும்பு முயலின் மேல் சாய்ந்தது. கவசன் ஒரு பக்கமாகக் கவிழ, முயல் குட்டி தண்ணீரில் விழுந்துவிட்டது.

குட்டியை ஆறு இழுத்துக்கொண்டு போனது. செவத்தி கரை சேர்ந்ததும் கதறியபடி கரையோரமாகவே ஓடியது. ஆறு வளையும் இடத்தில் ஒரு மருத மரத்தின் வேரில் குட்டி சிக்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. ஆனால் வெகுநேரம் அதன் நடுக்கம் நிற்கவே இல்லை.

செவத்தி நேராகக் கவசனிடம் போனது. "என் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுக்கலையே தங்கச்சி," என்றது கவசன். "பிடிக்காதவங்க நீந்திப் போகலாம்."

"எங்களுக்கு நீந்தத் தெரியாதே."

"அது உங்க பாடு."

அன்று மாலை விலங்குகள் கூடிப் பேசின. காட்டுப்பன்றிக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த ஆமைகளே வேண்டாம். கூலிக்கு ஏத்துறதால்தான் இவ்வளவு வம்பு. எருமை எல்லாரையும் சும்மா ஏத்தட்டும். எருமைக்கு நாம எல்லாரும் சேர்ந்து இந்தக் கரைக் கோரைப்புல்லைப் பறிச்சுப் போடுவோம்."

எல்லாருக்கும் பிடித்துப்போனது. கூலி கிடையாது, எருமையின் முதுகும் அகலம். ஆமைகள் ஏற்றக் கூடாது என்று முடிவானது.

முதல் நாள் எருமை கம்பீரமாக ஆற்றைக் கடந்தது. இரண்டாம் நாள் வெயில் ஏறிய பிறகு வந்தது. அதற்கப்புறம் சேற்றிலேயே படுத்துவிட்டது.

"எருமை மாமா, எப்போ கிளம்புவீங்க?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"சேறு நல்லா குளுகுளுன்னு இருக்கு."

"எங்களுக்குப் பசிக்குதே."

"எனக்குப் பசிக்கலையே," என்றது எருமை. அது உண்மைதான். கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் அதற்குப் புல் வந்துகொண்டிருந்தது.

எப்போதாவது மனம் வந்து கிளம்பினால், நடு ஆற்றில் நின்று அசைபோடும். சுகமாக இருந்தால் அங்கேயே படுத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் கீரிகள் கொம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கின. உடும்பு எருமையின் நெற்றியில் ஏறி உட்கார்ந்து அதன் காதில் கெஞ்சியது. அக்கரையில் நாவல் பழங்கள் விழுந்து அழுகின. இக்கரையில் சிப்பி வெறும் பாசியைத் தின்று இளைத்துப்போனது.

விலங்குகள் மறுபடி கூடின. இந்த முறை முள்ளம்பன்றி பேசியது.

"ஆமைகள் வரட்டும். யார் வேணும்னாலும் ஏத்தட்டும், கூலியும் அவங்க இஷ்டம். ஆனா ஒவ்வொரு ஆமையோட ஓட்டுப் பக்கத்திலும் ஒரு கோடு கீறணும். அந்தக் கோடு தண்ணிக்குள்ள முங்கிட்டா, பாரம் அதிகம்னு அர்த்தம். அதுக்கு மேல ஒருத்தரையும் ஏத்தக் கூடாது."

கவசன் கழுத்தை முழுவதும் வெளியே நீட்டியது. "இது என் முதுகு. இதுல கோடு போட நீங்க யாரு?"

"முதுகு உங்களுடையதுதான் அண்ணே," என்றது செவத்தி. "அதுமேல உட்காருறது என் பிள்ளை."

கவசன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

கோடு கீறும் வேலை நண்டுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குக் கூர்மையான கொடுக்கு இருந்தது. கண்களும் எந்நேரமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்காணிக்க இதைவிடத் தோதான ஆள் கிடையாது என்று எல்லாரும் நினைத்தார்கள். நண்டு எல்லா ஆமைகளுக்கும் ஒழுங்காகக் கோடு கீறியது. ஆற்றுத்துறை அமைதியானது. சிப்பி மூச்சு விட்டுக்கொண்டே நீந்தியது.

கவசன் சும்மா இருக்கவில்லை. நண்டிடம் போய்க் குழைந்தது. "வெயில்ல நின்னு வேலை பார்க்குறீங்களே, பார்க்கவே பாவமா இருக்கு. என் ஓட்டு நிழல்ல வந்து உட்காருங்க. இந்தாங்க, நாலு பழம் சாப்பிடுங்க."

நண்டு உட்கார்ந்தது. பழமும் சாப்பிட்டது. மறுநாள் கவசனின் கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். கடைசியில் கோடு ஓட்டின் உச்சியில், எல்லாரும் உட்காரும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே சமயம் சிப்பியின் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஓர் ஓணான் ஏறினால்கூட அது முங்கியது. ஓணான் அவமானப்பட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்து பார்த்தது. அப்போதும் கோடு முங்கியது.

கவசன் மறுபடி ஆறு பேரை ஏற்ற ஆரம்பித்தது. ஒருநாள் அதன்மேல் ஏறப்போன செவத்தி, உட்காரும் இடத்தில் கோட்டைப் பார்த்துவிட்டது. ஏறாமல் கரையிலேயே நின்றுகொண்டு எல்லாரையும் கூப்பிட்டது.

"நண்டாரே, இது என்ன?"

"கோடு," என்றது நண்டு. "கோடு போடச் சொன்னீங்க, போட்டிருக்கேன்."

"இது முங்கணும்னா நாங்க எல்லாரும் முதல்ல முங்கணுமே."

"நான் நேர்மையாத்தான் நடந்துக்கிட்டேன்," என்றபடியே நண்டு பக்கவாட்டில் நகர்ந்து ஒரு கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

"பார்த்தீங்களா? கோடு, கட்டுப்பாடு எல்லாமே ஏமாத்து," என்று காட்டுப்பன்றி கத்தியது. "எருமையையே கூப்பிடுவோம்."

எருமை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு அதையும் மூடிக்கொண்டது.

"கோடு மேல தப்பில்லை," என்றது செவத்தி. "அதை யாரும் பார்க்காத இடத்துல கீறினதுதான் தப்பு. இனிமே ஆமை தண்ணியில நிக்கும்போது, நம்ம எல்லார் கண் முன்னாலயும் கீறணும். கீறுற நண்டுக்குச் சாப்பாடு நாம போடுவோம். ஆமைகிட்ட ஒரு பழம் வாங்கினாலும் வேலை போயிடும்."

அப்படியே முடிவானது. பழைய நண்டை அனுப்பிவிட்டு வேறொரு நண்டை வைத்தார்கள். அது மகா சிடுமூஞ்சி. பழத்தைக் கண்டாலே அதற்குக் குமட்டும். கவசனுக்கும் சிப்பிக்கும் அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி கோடு விழுந்தது.

கவசன் பல நாள் முணுமுணுத்தது. "தொழில் பண்ற ஆமையைக் கெடுக்கவே ஒரு கூட்டம் இருக்கு," என்று மீன்களிடம் புலம்பியது. மீன்களுக்கு அக்கரைக்குப் போக யார் முதுகும் தேவைப்படவில்லை. அதனால் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு பிற்பகல் கவசன் இரண்டு கீரிகளோடு நடு ஆற்றில் இருந்தபோது, மலையிலிருந்து திடீரென்று வெள்ளம் இறங்கியது. ஒரு மரத்துண்டு வந்து கவசனின் விலாவில் மோதியது. கவசன் சாய்ந்தது. கீரிகள் ஓட்டை இறுகப் பற்றிக்கொண்டன. பாரம் குறைவாக இருந்ததால் கவசன் கவிழவில்லை. நாலு காலையும் உதைத்துத் தடுமாறி நிமிர்ந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எப்படியோ கரையைத் தொட்டது. வெகுநேரம் அங்கேயே கிடந்து மூச்சு வாங்கியது. ஆறு பேர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்கே தெரிந்தது.

மறுநாள் காலை கவசன் தானாகவே சிடுமூஞ்சி நண்டிடம் போனது.

"கோடு கொஞ்சம் அழிஞ்ச மாதிரி இருக்கு," என்றது வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நல்லா ஆழமா கீறிவிடு. எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டே கீறு."

தொழில் செய்பவருக்குச் சுதந்திரமும் வேண்டும், தாண்டக் கூடாத ஒரு கோடும் வேண்டும், அந்தக் கோட்டைப் போடுபவர் மீது எல்லாருடைய கண்ணும் இருக்க வேண்டும்.